எடுத்துடு

எனக்கு நீளமான வாக்கியம் பிடிக்காது. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குணத்தால்தான் இந்த வேலையும் கிடைத்தது. அதனால் உங்களுக்கும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கட்டட வேலைக்கு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவர்களுக்காக எங்கள் அலுவலகம் மென்பொருள் செய்கிறது. கிரேன், கலவை இயந்திரம், ஆள் ஏற்றும் லிஃப்ட், எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. முன்பு மனிதர்கள் உட்கார்ந்து தட்டினார்கள். இப்போது ஒரு ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறது. சைட்டில் இருப்பவர் போனில் பேசினால் போதும், அது பதிவைச் சேர்க்கும், திருத்தும், அழிக்கும். எந்தப் பேச்சைக் கேட்டால் மென்பொருளுக்குள் இருக்கும் எந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று அதற்கு ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது என் வேலை. அலுவலகத்தில் அந்த ஏஜென்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாது என்று வாய் திறந்து சொல்லவும் சொல்லாது.

பதிவை அழிக்கும் கருவிக்கு நான் எழுதியபோது ஒரு சிக்கல் வந்தது. சைட்டில் யாரும் 'பதிவை அழிக்கவும்' என்று பேச மாட்டார்கள். எப்படித்தான் பேசுவார்கள் என்று என் தம்பியைக் கேட்டேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டு மாடியில்தான் மனைவியோடு குடியிருந்தான்.

"எடுத்துடுன்னு சொல்லுவாங்கக்கா," என்றான் சாப்பிட்டுக்கொண்டே. "ஆனா பாத்துக்க, மெஷின் பழுதானாலும் நாங்க எடுத்துடுன்னுதான் சொல்லுவோம். ஓட்டாதேன்னு அர்த்தம்."

ஆகவே இரண்டு வாக்கியம் எழுதினேன். 'எடுத்துடு' என்றால் பதிவை அழி. தடைக்குறி இருந்தால் அழிக்காதே, முதலில் ஆளைக் கேள். தடைக்குறி என்பது பழுதான இயந்திரத்தின் பதிவில் மெக்கானிக் போடுவது. அது இருக்கும்வரை இயந்திரம் கிளம்பாது. முன்பு சிவப்பு அட்டையும் தொங்கவிடுவார்களாம். மென்பொருள் வந்த பிறகு அட்டையை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வாக்கியம் தொல்லையாகப் போயிற்று. சின்னப் பழுதுக்கும் குறி போடுவார்கள், அதனால் மாப்பிள்ளை தொட்டதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டது. வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். கேள்விகளைக் குறைக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். நான் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவர் குறைக்கத்தான் சொன்னார், எடுக்கச் சொல்லவில்லை. தம்பி சொன்னது அப்போது நினைவிருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் பக்கம் படிக்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அதன் பிறகு ஒரு கட்டடத்தில் லிஃப்டின் பிரேக் தேய்ந்திருப்பதைத் தம்பி பார்த்தான். தடைக்குறி போட்டான். அவன் சும்மாவே எதையும் இரண்டு தடவை செய்கிறவன், போனிலும் ஒருமுறை "அந்த லிஃப்டை எடுத்துடு" என்று சொல்லிவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை பதிவை அழித்தது. பதிவோடு தடைக்குறியும் போயிற்று, அவன் பேசியதும் போயிற்று. அந்தக் கருவி மிச்சம் வைக்காது. மறுநாள் காலை ஆபரேட்டர் வந்தபோது மென்பொருளுக்கு லிஃப்டை அடையாளம் தெரியவில்லை. புது இயந்திரமா என்று கேட்டது. அவர் ஆமாம் என்று அழுத்தினார், லிஃப்ட் கிளம்பிவிட்டது. மேலே போன பெயின்டர் உயிரோடு கீழே வரவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"நான் குறி போட்டேன்க்கா. போட்டுட்டு, எடுத்துடுன்னும் சொன்னேன். போடவே இல்லைங்கிறாங்க. நீயாவது நம்புறியா?"

அவன் அந்தச் சொல்லைச் சொன்ன உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் தண்ணீர் குடி என்றேன். அடுத்த நாள் அலுவலகம் போனதும் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அவனைப் பொய்யன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "போடணும்னு நினைச்சிருப்படா," என்றுதான் சொன்னேன். "நினைச்சதே போட்ட மாதிரி இருக்கும். கேஸ் அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு எனக்கும்தான் குழம்பும்." முதலில் கோபப்பட்டான். தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனான். நான் அதையே வேறு வேறு சொற்களில் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் ஏறாவிட்டால் இன்னொன்று ஏறும், இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அது தெரியும். அவன் மனைவியும் என் பக்கம் வந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், அவன் பாவம், மனிதன். 'போட்டேன்' என்றவன் 'போட்டதாத்தான் ஞாபகம்' என்றான். பிறகு 'போடலையோ' என்றான். உங்களுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த அதிகாரியிடம், மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சிறைக்குப் போவதற்கு முன் பெயின்டரின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றான். கூட்டிப்போனேன். அந்தப் பெண் அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவன் அழுவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கும் அங்கே அழுகை வந்தது. அது நடிப்பில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இல்லன்னா, நான் இன்னும் பொய்யே சொல்லிட்டு இருந்திருப்பேன்க்கா."

இப்போதெல்லாம் எதையும் தான் செய்தோம் என்று அவனால் நம்ப முடிவதில்லை. பல் தேய்த்தேனா, சாப்பிட்டேனா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறானாம். போன தடவை பார்க்கப் போனபோது, "இப்பதான் நீ வந்தியா, முன்னாடியே வந்துட்டியா?" என்று என்னையே கேட்டான். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

நான் மாப்பிள்ளைக்கு எழுதிய பழைய பக்கங்கள் உங்கள் கையில் கிடைத்துவிட்டன என்கிறீர்கள். சரி. அந்த வாக்கியத்தை எழுதியது நான், எடுத்தது நான், ஆள் செத்த பிறகு திருப்பி வைத்ததும் நான். தம்பி குறி போட்டான். அது முதல் நாளே எனக்குத் தெரியும். அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவன் குறி போட்டான் என்ற இடம் இருக்கிறதல்லவா, அவனுக்குக் காட்டும் பிரதியில் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். இப்போதுதான் அவன் மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. என் தம்பிக்கு ஒரு கெடுதல் வந்தால் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.