நாற்பது மீட்டர் பாதை

எனக்கு மைக் பிடிக்கத் தெரியாது. வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், மூச்சு விடுவதெல்லாம் கூட்டத்துக்குக் கேட்கும். முதல் கூட்டத்தில் என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, தள்ளிப் பிடி, தள்ளிப் பிடி என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, அரசியலுக்காகப் பிறந்தவன் இல்லை நான். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் இல்லை.

பதினாறு வருடம் படையில் இருந்தேன். எங்கள் பிரிவின் வேலை கண்ணிவெடி அகற்றுவது. கருவியை வைத்துத் தேடி, சந்தேகமான இடத்தைக் குத்திப் பார்த்து, கிடைத்ததை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். பாதை துடைப்பது என்போம். அதில் ஒரு வழக்கம் உண்டு. துடைத்தவன்தான் அந்தப் பாதையில் முதலில் நடப்பான். அவன் அந்தக் கோடி வரை போய்த் திரும்பிய பிறகே மற்றவர்கள் கால் வைப்பார்கள். யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை.

ஒல்லி என் ஜோடி. அவனுடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்தால்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே வேளையில் முடித்தாலும் சதை பிடிக்காத உடம்பு. என்னை மச்சான் என்பான்.

அன்று காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நாற்பது மீட்டர் துடைக்க வேண்டும், என் முறை. முப்பத்தைந்து மீட்டர் வரை ஒழுங்காகச் செய்தேன். குளிரில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. மீதி ஐந்து மீட்டருக்கு நாடாவை மட்டும் கட்டினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நடக்க வேண்டிய நேரம் வந்தபோது எனக்குக் கால் எழவில்லை. பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டது, நீ முன்னால் போ என்றேன். நண்பர்களுக்குள் வழக்கத்தையெல்லாம் பிடித்துத் தொங்குவதில்லை. ஒல்லி ஏதோ கேலி பேசிக்கொண்டே போனான்.

வெடித்த பிறகு அவனை முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அது கட்டுக்கதை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவனுக்கு இரண்டு கால்களும் போயின, முதுகெலும்பில் இரும்புத் துண்டு ஏறிவிட்டது. அன்று காலை நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: முன்னால் நடந்தது யார்? ஒல்லி என்றேன். அப்படியானால் துடைத்தவனும் அவன்தான் என்று அவரே எழுதிக்கொண்டார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஒல்லி கேட்டான்: "எப்படி மச்சான் கோட்டை விட்டேன்?"

"விடுடா. யாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஒல்லிக்கு இருந்ததெல்லாம் தூரத்து ஊரில் ஓர் அக்கா, அவளும் மாமியார் வீட்டில். அதனால் என் வீட்டுக்கே கூட்டிவந்து கீழறையைக் கொடுத்தேன். பதினோரு வருடம். என் மனைவி அவனை அண்ணா என்பாள், கூடப்பிறந்தவனைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். ஞாயிறு தவறாமல் அக்கா போனில் கூப்பிடுவாள். கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கக் கூடாதா என்று அவனிடம் ஒரு பாட்டம் அழுவாள், பிறகு என்னைக் கூப்பிடச் சொல்லி வாழ்த்துவாள். ஒல்லி தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பான்.

படையை விட்டு வந்ததும் ஒரு கிடங்கின் வாசலில் லாரிகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நின்றேன். பதக்கம் குத்திய சட்டையோடு போனால் நாற்காலி போடுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அப்படியே வார்டு உறுப்பினர் ஆனேன். இந்த வருடம் கட்சி சட்டமன்றத் தொகுதியையே கொடுத்தது. நான் ஒல்லியைச் சுமந்து வருகிற ஓவியம் எல்லாச் சுவர்களிலும் ஏறியது. பால் வாங்கத் தெருவில் இறங்கினால் இரண்டு பக்கமும் என் முகமே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் படத்திலிருந்து இறங்க எனக்கு வழியே இல்லை. ஒல்லி அறைக்குள் நிம்மதியாக ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.

கட்சி எனக்குப் பேச்சு எழுதித்தர ஒருவரை அமர்த்தியிருந்தது. முன்பு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எழுதியவர், உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவழைக்காமல் முடிக்க மாட்டார். பெரிய மைதானக் கூட்டத்துக்கு அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'அன்று காலை உறைபனியில் இந்தக் கைகளால் நாற்பது மீட்டர் பாதையைத் துடைத்தேன்.' அவருக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? எனக்குத் தெரியும், இருந்தும் படித்தேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தைந்து மீட்டர் நான் பாடுபட்டுத் துடைத்தது, பதினோரு வருடமாக அதை ஒருவரிடமும் சொல்ல முடிந்ததில்லை. மைதானம் முழுக்கக் கைதட்டியது. மேடையில் என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒல்லியும் தட்டினான். பிறகு அவன் கை நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"துடைச்சது நீயா?"

"எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்டா."

"நீ துடைச்சிருந்தா நான் ஏன் மச்சான் முன்னாடி போனேன்?"

அவன் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. "தினமும் மனசுக்குள்ள அந்தப் பாதையைத் துடைச்சுப் பாக்கிறேன்டா, எந்த இடத்துல விட்டேன்னு," என்றான். பிறகு, "உன் எலெக்‌ஷன்ல மண்ணைப் போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணுவா. என் தப்பில்லைன்னு அவகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்," என்றான்.

திங்கட்கிழமை வாக்குப்பதிவு. அக்காவிடம் சொல்வதும் ஊருக்குத் தம்பட்டம் அடிப்பதும் ஒன்றுதான்.

புதன்கிழமை மனைவியை, வாக்குப்பதிவு வரை அங்கேயே தங்கச் சொல்லி, மகளிர் அணியோடு தொகுதியின் மறுகோடிக்குப் பிரசாரத்துக்கு அனுப்பினேன். ஒல்லியின் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். சக்கரம் இழுக்கிறது, சரிபார்க்க வேண்டும் என்று நாற்காலியை வெளியே எடுத்தேன். கதவுக்கு வெளிப்புறம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினேன். அவனுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வரும் நர்ஸிடம், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். ஐந்தே நாள்தான், அதற்கு மேல் எதுவும் என் மனதில் இல்லை.

வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் குழாயால் வருடத்துக்கு மூன்று முறை வரும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு நாள் மருந்து ஏற்றுவார்கள், எழுந்து உட்கார்ந்து நர்ஸுகளைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவான். விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார், ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். ஆனால் இந்த முறை அங்கே போனால் பேசுவான். என்ன செய்யலாம் என்று யோசித்தேன். யோசித்ததிலேயே இரண்டு நாள் போய்விட்டது.

முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு தங்கச்சி, தங்கச்சி என்று என் மனைவியைக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், "அக்காகிட்ட சொல்லலை மச்சான், சத்தியமா சொல்லலை, டாக்டரைக் கூப்பிடு," என்றான். நான் நம்பினேன். ஒல்லி சொன்ன சொல் தவற மாட்டான். ஆனால் இன்னொருவன் வாக்கை நம்பி எத்தனை தேர்தலில் நிற்க முடியும்? சனிக்கிழமை மதியம் அறை அமைதியானது. நான்கு மணிக்குத் தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணித் துளைகளை மெழுகால் அடைத்தேன். சாவுக்கு வந்த நர்ஸ் அதைப் பார்த்துத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

சாவுச் செய்தி கேட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தாள். "கடைசி வரைக்கும் என் தம்பி செஞ்ச தப்பை நீங்க சுமந்தீங்களே," என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், நடிக்கவில்லை. திங்கட்கிழமை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வாக்கு விழுந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டது நான். டாக்டரைக் கூப்பிடாதது நான். சாவான் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவனைத் தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா, அது நியாயமில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டு, மூன்று நாளும் அந்தக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், "இங்கதான்டா இருக்கேன்," என்று பதில் சொன்னேன்.