இருபத்தாறாம் நம்பர் டேப்

டீ நன்றாக இருக்கிறது, சார். ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

என் தங்கை கிறிஸ்டினா உங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாளே, அந்தச் சின்ன அலுமினிய டப்பாவுக்கு டேப் என்று பெயர். கேபிளில் ஓடும் சிக்னலிலிருந்து ஒரு வீட்டுக்கு வேண்டியதை மட்டும் பிரித்துத் தரும். மேலே ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட வீட்டுக்குள் போகும் சிக்னல் கம்மி. எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் எட்டு இருந்தது. நான் பதினொன்று போட்டேன். அடுத்த வாரம் பதினேழு. கடைசியில், இதோ, இருபத்தாறு. அவ்வளவுதான். யார்மேலும் நான் கை வைக்கவில்லை.

அப்பா ஜோசுவா ஆம்பூரில் முப்பது வருடம் கேபிள் இழுத்தவர். படத்தில் ஒரு கோடு விழுந்தால் எந்தத் தெருவில் எந்த இணைப்பு லூஸ் என்று நாற்காலியிலிருந்தே சொல்வார். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு இடது கால் இழுத்துக்கொண்டது. புத்திக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அந்தப் புத்தியோடுதான் ஒருநாள் சாப்பிடும்போது, "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கற லைன் பூரா கிறிஸ்டினாவுக்கு" என்றார். பதினெட்டு வருடம் வெயிலில் கம்பம் ஏறியவன் நான். ஏணியில் கால் வைக்காதவளுக்கு லைன், அத்தனை வீட்டுச் சந்தாப் பணம் எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.

இருபத்தாறு போட்ட அன்று அப்பா டிவியைப் பார்த்து, "இன்னாடா, படம் கட்டம் கட்டமா உடையுது?" என்றார்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுதுப்பா."

என் மனைவியும் அதையே சொன்னாள். நல்லவள், ஒரு தடவை சொன்னால் போதும்.

அவர் விடவில்லை. சிக்னலை அளக்கும் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அறுபத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு காட்டியது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். "அறுபத்தஞ்சு. கரெக்டா இருக்குதுப்பா" என்றேன். மூக்குக்கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அதை அவர் கேட்கவேயில்லை.

கிறிஸ்டினா காட்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். சனிக்கிழமையே எட்டை மாட்டிவிடுவேன். "நல்லாத்தானேப்பா இருக்குது" என்பாள். அவருக்கும் அன்று நன்றாகவே தெரியும். தன் புத்திதான் வந்து வந்து போகிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஐந்தாம் மாதம் என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் உன் பேர்லயே எழுதிக்கடா, நான் எதையாவது மாத்தி வெச்சிடப் போறேன்" என்று அழுதார். கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து இல்லை, சார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து ஆனபிறகும் டேப்பை ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். வீடு அமைதியாகிவிட்டது. சட்டை எது போடுவது என்றுகூட என்னைக் கேட்டார். பதினெட்டு வருடத்தில் அதற்கு முன்னால் எதையாவது என்னிடம் கேட்டிருக்கிறாரா?

போன புதன்கிழமை கிறிஸ்டினா சொல்லாமல் வந்தாள். படத்தைப் பார்த்தாள், மாடிக்குப் போனாள், ஏணி போட்டு ஏறினாள். அவளும் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள் என்பதை மறந்துவிட்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

பழைய எட்டை அவளே மாட்டிவிட்டாள். படம் பளிச்சென்று இருக்கிறது. இன்று காலை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, நடந்ததையெல்லாம் அவள் அழுது அழுது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"படம் நல்லா தெரியுதாடா? நீ சொன்னாத்தான் நம்புவேன்."

நீங்களும் அதைக் காதால் கேட்டீர்களே, சார். பெற்ற பிள்ளைமேல் ஒரு மனிதருக்கு இதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்?