மவுஸ் இல்லாமல் ஒரு வணக்கம்

போன வைகாசியில எங்க கடையில இருந்து ஒரு மெசேஜ் தப்பான ஆளுக்குப் போயிருச்சுங்க. நடந்தது அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஆப்பு செய்யறவங்க இத்தனை பேர் உக்காந்திருக்கீங்க... அந்தக் கதையை ரெண்டு நிமிசம் கேளுங்க.

கோயமுத்தூர்ல நமக்கு மோட்டார் பம்பு உதிரி பாகம் மொத்த வியாபாரம். வெளியூர்க் கடைக்காரங்க மெசேஜ்லதான் விலை கேப்பாங்க. பதில் போடறது மல்லீஸ்வரி. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாது. திரையில இருக்கறதை கம்ப்யூட்டர் காதுல வாசிக்கும், அவங்க கீபோர்டுலயே வேலையை முடிச்சிருவாங்க. அம்புக்குறி எங்க நிக்குதுன்னு தெரியாதவங்களுக்கு மவுஸ் எதுக்குங்க?

நாங்க மெசேஜ் போடற ஆப்பை அதைச் செஞ்ச கம்பெனி புதுசாக்குச்சு. அழகாத்தான் இருந்துச்சு... யாருக்கு? திருப்பூருக்கு டைப் பண்ணிட்டிருக்கறப்ப தாராபுரத்துல இருந்து மெசேஜ் வந்தா, ஆப்பு தானா அங்க தாவிரும். தாவினேன்னு காதுல சொல்லவும் சொல்லாது. பழைய வாடிக்கைன்னு திருப்பூருக்குக் குறைச்சுப் போட்ட விலை, நேரா தாராபுரத்துக்குப் போச்சு. உடனே போன்... "ஏனுங்ணா, அவருக்கு மட்டும் சல்லிசுங்களா?"

கடையில பங்குதாரர் எங்க மச்சான். அந்தம்மாவைப் பேக்கிங்குக்கு மாத்திரலாம்னு சொல்லிட்டார். மல்லீஸ்வரி என்கிட்ட வந்தாங்க. "அண்ணா, எனக்கு வேற வேலை வேண்டாங்க. என் வேலையை என்னைச் செய்ய விடுங்க."

ஆப்புக் கம்பெனி பிரவீன்ராஜைக் கடைக்குக் கூப்பிட்டேன். பொறுமையா கேட்டுட்டு, எழுத்தைப் பெரிசாக்கித் தர்றேன்னார். மல்லீஸ்வரி சிரிச்சுட்டாங்க. "எவ்வளவு பெரிசுங்க சார்? செவுரளவுக்குங்களா?"

நான் மவுசைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். "இப்ப திருப்பூருக்கு ஒரு வணக்கம் போடுங்க தம்பி."

அடுத்த இடத்துக்குத் தாவறதுக்கு டேப் பட்டனை அமுக்கினார்... சிரிக்கிற பொம்மை. அமுக்கினார்... அழுகிற பொம்மை. அமுக்கினார்... இன்னொரு பொம்மை. ஒரு வழியா திருப்பூரைப் பிடிச்சு டைப் பண்ணினார். அதுக்குள்ள ஒரு மெசேஜ் வந்துச்சு. வணக்கம் பொள்ளாச்சிக்குப் போச்சு.

பிரவீன்ராஜ் அப்புறம் நாற்காலியை அந்தம்மா பக்கம் திருப்பி, எப்படி இருந்தா சரியா வரும்னு கேட்டார். "நானா நகர்ற வரைக்கும் என்னை நகர்த்தாதீங்க சார். புது மெசேஜ் வந்தா, வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எல்லா பட்டனும் கீபோர்டுக்குக் கிடைக்கணும்." அவ்வளவுதான் கேட்டாங்க.

நான் தர்மம் பேச வரலைங்க. நான் வியாபாரி. திறமையான ஆளை மேசையில இருந்து எழுப்பினா நட்டம் எனக்கு. அந்தம்மா உங்க ஆப்புக்குள்ள வர முடியலைன்னா என் கடையும் வர முடியாது... என் ஆர்டரும் வராது. உங்க ஆப்பை யார் பயன்படுத்த முடியலைன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

பிரவீன்ராஜ் கம்பெனியோட நாங்க பேசி முடிச்சது இதுதான். ஆப்புல எதை மாத்தினாலும் முதல்ல மல்லீஸ்வரி கீபோர்டுல ஓட்டிப் பாக்கணும். அவங்க சரின்னு சொல்லாம எந்தக் கடைக்கும் போகக்கூடாது. பாத்துக் குடுக்கறதுக்கு, கம்பெனி தன் சொந்த ஆளுக்குத் தர்ற அதே சம்பளம், மணிக்கு இவ்வளவுன்னு... அவங்க கையில.