இருபத்திரண்டு தகரத் துண்டுகள்

இக்கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும், நம் டைனமோவுக்குப் போடியெல்லாம் அலைந்து உதிரிப் பாகம் தேடித் தந்த முகைதீன் பிச்சை பாய் அவர்களே, தாயை இழந்து அமர்ந்திருக்கும் தங்கை கார்த்திகா அவர்களே, ஓடை மின்சாரச் சங்கத்தின் பங்குதாரர்களாகிய இருபத்திரண்டு வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம். செயலாளர் என்ற முறையில் பேசச் சொன்னார்கள். ஜீப்பு ஓட்டுகிற எனக்கு மேடைப் பேச்சு வராது. வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

யார் நம் தலைவி இருளம்மாள் அக்கா? போடிமெட்டுச் சரிவில் கம்பி இழுக்க முடியாது என்று எல்லோரும் கைவிரித்தபோது, ஓடைத் தண்ணீரிலேயே விளக்கெரிப்போம் என்றவர். டைனமோ கொட்டகைக்குத் தன் ஏலத் தோட்டத்தில் இடம் விட்டவர். "யாரோ குடுத்தா யாரோ புடுங்குவாக. நம்மளே வச்சுக்கிருவோம்" என்றவர். நாம் கை தட்டினோம். கை தட்ட நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஓடை முகப்பில் இலை அடைக்கிற கம்பி வலையை நாளுக்கு ஒரு வீடு சுத்தம் செய்ய வேண்டும். பங்குதாரருக்கு அந்த ஒரே வேலைதான். செய்தவர் கொட்டகையில் தொங்கும் தம் தகரத் துண்டைப் பேர்ப் பக்கத்திலிருந்து பச்சைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் அத்தனையும் பச்சை. ஒரு வீடும் முறை தவறவில்லை என்று வாசித்தவன் நான்தான்.

அந்தப் பச்சை பொய். போன செவ்வாய் என் முறை. நல்ல மழை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும், இன்று மட்டும் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். "வெரசா போ அப்பு, நான் பாத்துக்கிறேன்" என்றார். வலையைச் சுத்தம் செய்துவிட்டு வீடு திரும்பும் வழியில் பாறையில் வழுக்கி விழுந்தார், அதோடு போய்விட்டார். மறுநாள் கொட்டகைக்குப் போனேன். நான் செய்யாத வேலைக்கு என் துண்டு பச்சையாகத் தொங்கியது.

அக்கா மகள் கார்த்திகாவிடம் கேட்டேன். "பாதி நாளு அம்மாதான் போகும். பேரு தெரிஞ்சா கூச்சப்பட்டு சங்கத்தவிட்டே போயிருவாகன்னு அதுவே திருப்பி விட்டுரும்" என்றாள்.

பாதி நாள்! அக்கா மீதும் எனக்குக் கோபம்தான். நம் மானத்தைக் காக்க அறுபது வயதில் ஈரப்பாறையில் ஏறச் சொன்னது யார்? அவரைத் தூக்கி வர ஊரே ஓடினோம். வலைக்கு ஒருவர் போதுமே, பங்குதாரர்களே. ஒருவர்!

ஒரு வாரமாக யாரும் மேலே வலைக்குப் போகவில்லை. இந்த மைக்கே வாடகை ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. காலையில் எல்லாத் துண்டையும் பேர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். அக்காவுடையதை மட்டும் பச்சையாகவே விட்டேன். மௌன அஞ்சலியை நீங்கள் செலுத்துங்கள். போன செவ்வாய் செய்யாத வேலையைச் செய்ய நான் இப்போதே மேலே போகிறேன்.

சின்ராசு அண்ணே, நாளைக்கு உங்கள் முறை. திருப்பிவிட இனி ஆள் இல்லை.