மறுவீடு வரைக்கும்

கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று ஒரு துண்டை உடைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். உடைத்த இடம் மினுங்கினால் கலப்படம். மங்கிக் கிடந்தால் நல்ல சரக்கு. சாயர்புரத்தில் இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். என்னிடம் யாரும் கலப்படச் சரக்கைத் தள்ளிவிட்டுப் போனதில்லை. நான் யார் பேச்சையும் அப்படியே நம்பிவிடுகிற ஆள் இல்லை என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன், அம்மா.

கல்யாணமாகி நாலே நாளில் ஒரு பெண் செத்துப்போனால் சப் கலெக்டரே கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் என் சம்பந்தியம்மாள் அருணாசலவடிவு உட்கார்ந்திருக்கிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவள் என் மகளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன். அவசரமில்லை.

அனுசியா எனக்கு ஒரே பிள்ளை. அவளுடைய அப்பா இறந்த வருஷமே அவளுக்குச் சர்க்கரையும் வந்தது. அப்போது பதினோரு வயது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. தினம் நாலு ஊசி. முதல் ஒரு மாதம் நான் போட்டுவிட்டேன், பிறகு அவளே போட்டுக்கொண்டாள். பேனா மாதிரி இருக்கும் அதை வயிற்றில் வைத்து அழுத்திவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவ்வளவு சாதாரணம் அவளுக்கு.

எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. இரண்டு இடம் பேசி வந்து, சர்க்கரை என்று சொன்னதும் விட்டுப்போனது. இரண்டாவது இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா போனில், "பிள்ள மூக்கும் முழியுமாத்தான் இருக்கா. அதுக்காக ஆஸ்பத்திரியவா வீட்டுக்குக் கூட்டியார முடியும்?" என்றாள். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அனுசியா சிரித்தாள். நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் செந்தில்முருகன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அமைதியான பையன். இந்த முறை நான் சர்க்கரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நிச்சயம் முடிந்த பிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிச்சி.

"அம்மா, அவுககிட்ட நானே சொல்லிருதேன். அவுக ஒண்ணும் நினைக்க மாட்டாக."

"மறுவீடு முடியட்டும். பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

"நடுவுல மூணு நாள் கிடக்கே, ஊசிக்கு எங்க போக?"

"அதுக்குத்தானளா நான் விசாரிச்சிட்டு இருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டிலிருந்து வருகிற பெட்டியைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். சேலை எத்தனை, சோப்பு என்ன சோப்பு என்பது வரைக்கும். கைப்பை ஆனாலும் விட மாட்டார்கள். அதில் ஊசியை வைத்து அனுப்ப எனக்கு மனம் துணியவில்லை.

விசாரித்தேன். நாலு பேரிடம் கேட்டேன். அவளைப் பார்த்து வந்த டாக்டரம்மாவிடம், தெரிந்த ஒரு பிள்ளைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா உயிருக்கு ஆபத்து. எத்தனை தடவைதான் உங்களுக்குச் சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். முதன்முதலில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் இன்பமணியிடம் போனேன். அவளும் அதையேதான் சொன்னாள், கூட, "நான் வேணும்னா வந்து மாப்பிள்ளைகிட்ட பேசட்டுமா அக்கா?" என்றாள். அது எனக்கு மிரட்டல் மாதிரிப் பட்டது. மருந்துக்கடை அண்ணாச்சி கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

நாலாவது, எங்கள் ஊர்ப்பக்கத்துப் புதுக்கோட்டையில் சர்க்கரைக்குப் பொடி கொடுக்கிற சுடலைக்கண்ணன். அவர் பேசுகிற வீடியோ எங்கள் கடைத்தெருவில் எல்லார் போனிலும் உண்டு. அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் அழுது முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசவில்லை. அவளுக்குச் சர்க்கரை வந்த பன்னிரண்டு வருஷத்தில் என்னை அப்படி உட்காரவைத்துக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை, அம்மா. "மூணு நாள் என்ன தாயி, இந்தப் பொடி இருந்தா மூணு மாசம் தாங்கும். ஊசிங்கிறது பழக்கம். விட்டா விட்டதுதான்" என்றார். எங்கள் தெருவிலேயே எழுபது வயதுக்காரர் ஒருவர் அந்தப் பொடியைத் தின்று மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றாக நடமாடுகிறார். அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அனுசியா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அந்தத் தாத்தாவுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேறம்மா. அந்தப் பொடிய நீயே கரைச்சுக் குடி" என்றாள். முகூர்த்தத்தன்று காலையில் மண்டபத்துக் குளியலறையில் ஊசி போட்டுக்கொண்டு, பேனாவை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. சாயங்காலம் அவள் காரில் ஏறுவதற்கு முன்னால், போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று பையை என்னிடம் கொடுத்தாள். ஒரு நிமிஷம்தான். பேனாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் பொடிப் பொட்டலத்தை வைத்தேன்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மா, பைக்குள்ள வச்சிருந்த பேனாவக் காணோம். பொடிப் பொட்டலம்தான் கிடக்கு."

"அங்கனதான் எங்கயாவது விழுந்து கிடக்கும். தேடிப் பாரு. ஆனா யார்கிட்டயும் கேட்டுராத."

"கிடைக்கலன்னா நான் அவுககிட்ட சொல்லிருவேன்."

அப்போதுதான் அவள் அப்பாவின் பெயரைச் சொல்லிச் சத்தியம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். பிறகு சரி என்றாள். சொன்ன சொல்லை மீறுகிற பிள்ளை இல்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மறுவீட்டுக்கு வந்தார்கள். இரண்டு கார், பதினாலு பேர். அனுசியா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அருணாசலவடிவு வாசலிலேயே கேலி பண்ணினாள்: "என்ன மதினி, பிள்ளையத் தண்ணி காட்டாமலா வளத்திய? மூணு நாளா குடத்தக் கவுத்துட்டு நிக்கா. எங்க வீட்டு மோட்டாருக்கு ஓய்வே இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். அனுசியாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து வாந்தி, கல்யாண விருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

அவள் என்னை அணைத்துக்கொண்டு காதில், "ஊசி" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

பேனா எங்கள் வீட்டு பிரிட்ஜில்தான் இருந்தது. அடுப்படியில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் பிரிட்ஜில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். "பந்தி முடியட்டும்" என்று அவள் காதில் சொன்னேன். இலை போட்டு, பரிமாறி, பாயசம் விட்டு, தாம்பூலம் கொடுக்க இரண்டு மணி ஆகிவிட்டது. யாருக்கும் ஒரு குறை வைக்கவில்லை. உள்ளறையில் படுத்திருந்தவள் எழுந்திருக்கவில்லை என்று மாப்பிள்ளைதான் வந்து சொன்னார்.

பக்கத்தில் இருக்கிற சின்ன கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். வாயில் அழுகின பழத்தின் வாடை. பதினோரு வயதில் முதன்முதலாக அவள் மயங்கி விழுந்தபோதும் இதே வாடைதான். எனக்கு அது என்னவென்று தெரியும். நர்ஸ் ஜீவமணி கையில் சீட்டோடு நின்று, "சுகர், பிரஷர் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் கிடையாது" என்றேன்.

வாந்தியில் களைத்துப்போய்விட்டாள் என்று குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுசியா கண்ணைத் திறந்து முதலில் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் நெற்றியைத் தடவி, "பேசாத, தூங்கு" என்றேன். சொன்னபடி கேட்டாள். பாட்டில் முக்கால்வாசி இறங்கிவிட்டது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஐந்து மணி. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மெஷினில் எண்ணே காட்டவில்லை, அவ்வளவு ஏறிப்போய்விட்டது என்றார். "இது புதுசா வந்ததா? வீட்ல யாருக்குமே தெரியாதா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். மாப்பிள்ளை, "என்கிட்ட சொல்லியிருந்தா நானே போட்டுவிட்டிருப்பேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள்.

பேனாவை எடுத்தது நான். சத்தியம் வாங்கியது நான். கிடையாது என்று சொன்னதும் நான்தான். சுடலைக்கண்ணனைப் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள், பிடியுங்கள். ஆனால் அவர் பேச்சை நான் முழுசாக நம்பியிருந்தால் பிள்ளையின் பைக்குள்ளிருந்து நான் திருடியிருக்க வேண்டியதில்லை, கிளினிக்கில் பொய் சொல்லியிருக்க வேண்டியதும் இல்லை. டாக்டரம்மா சொன்னதுதான் நிஜம் என்று எனக்குள்ளே தெரிந்தேதான் இருந்தது. எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னவர் சுடலைக்கண்ணன் ஒருவர்தான், அதனால் அவரிடம் நின்றுகொண்டேன்.

நீங்கள் கண்ணைத் துடைக்கிறீர்கள். வேண்டாம், அம்மா. அவளைக் கல்யாணப் பட்டிலேயே கொண்டுபோனார்கள். கழுத்தில் புது மஞ்சக்கயிறு, தலை நிறையப் பூ. அந்த வீட்டு மருமகள் என்று சொல்லித்தான் அத்தனை பேரும் அழுதார்கள். நோய்க்காரி என்று அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அந்த மட்டுக்கும் என் பிள்ளையை நான் காப்பாற்றித்தான் கொடுத்தேன்.