இருபத்தேழு டிகிரி

சங்கரன்கோவிலில் மே மாதம் இருபத்தேழு டிகிரி இருப்பதில்லை. இதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள். ஆனால் எங்கள் மாலை வகுப்பில் மின்சுற்றுகளை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், இருபத்தேழு என்றே எடுத்துக்கொள்ளும்.

துரைப்பாண்டி சார் கொடுத்த வேலை எளிது. 0.9 வோல்ட்டைப் பாதியாக்கும் சுற்று. மின்தடைக்குப் பதில் இரண்டு நானோ டிரான்சிஸ்டர்கள். யாருடையது 0.45-ஐத் தொடுகிறதோ அவரைக் கோயம்புத்தூர் கம்பெனி வேலைக்குச் சிபாரிசு செய்வார். எனக்கு என் விடைமேல் என்றுமே நம்பிக்கை வராது. திரும்பத் திரும்ப ஓட்டியும் 0.43தான். அதே கணினியில் என்னோடு படிக்கும் ரிஸானா டிரான்சிஸ்டர்களின் அகலத்தை இரண்டு முறை மாற்றினாள். 0.45 வந்துவிட்டது.

"இது கெடைக்கலன்னா வாப்பா துபாய் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிருவாகட்டி" என்றாள். பிறகு எனக்கும் சேர்த்து டீ வாங்கப் போனாள்.

அவள் ஃபோல்டரில், மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதில் வெப்பநிலை நாற்பது என்று ஒரு வரி சேர்த்தேன். நம் ஊர் வெயில், நேர்மையான எண். விடை அவ்வளவாக அசையவில்லை. ஓடுகிற சிப் இன்னும் சூடாகத்தானே இருக்கும் என்று எண்பதாக்கினேன். போதுமா என்று சந்தேகம் வந்தது. நூற்றிருபத்தைந்து வைத்தேன்.

"ஏட்டி அப்ரீன், இப்பம் எங்கயோ போவுதே" என்றாள், டீயை நீட்டியபடி.

"அகலத்தை மாத்திப் பாரு" என்றேன்.

மாற்றினாள். மறுபடி 0.45. சுற்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனாள். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அந்தச் சின்னக் கோப்பை யாரும் நினைப்பதில்லை. சாரின் கணினி இருபத்தேழிலேயே இருந்தது. 0.37 காட்டியது.

"என்னம்மா, பாதி கேட்டா கிள்ளிக் குடுக்க?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல சரியா வந்துச்சு சார்."

"அங்கன வந்தாப் போதுமா? கோயம்புத்தூர்ல வரணும்லா."

வகுப்பே சிரித்தது. நான் அளவாகச் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ். பிரியாணி நன்றாக இருந்தது. மருதாணிக் கையால் என்னை இழுத்து, "எங்கன தப்பு விட்டேன்னு இன்னும் தெரியலட்டி. நீதான் பொறுமையாப் பாப்ப" என்றாள்.

பார்க்க எதுவும் இல்லை. அவள் முதலில் போட்ட சுற்றில் தப்பே கிடையாது. டீ வருவதற்குள் அதைத்தான் என் ஃபோல்டருக்கு நகலெடுத்து, என் பெயரில் சாரிடம் கொடுத்தேன். நாளை எனக்குக் கோயம்புத்தூர் பஸ். அவள் உழைப்பு வீணாகிவிடக் கூடாதே; சிநேகிதி என்று ஒருத்தி பின்னே எதற்கு இருக்கிறேன்.