சீமைப் பொருட்காட்சியின் ஆறாவது கார்டு

ஏலக்காய்க்குப் பேர்போன ஊர் இது. ஆனால் போடி டீக்கடைகளில் யாரும் டீயில் ஏலக்காய் தட்டிப் போடுவதில்லை, கவனித்தீர்களா சார்? நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்த டீயிலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. சூடாக இருக்கிறது, போதும்.

காசிமாயன் என்னிடம் இருபத்திரண்டு வருஷம் இருந்தான். குரங்கணிக்கு மேலே என் தோட்டத்தில் ஸ்டோர் அவன் பொறுப்பு. ஸ்டோர் என்றால் பச்சைக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, வெளியே அடுப்பெரித்து, அந்தச் சூட்டில் உலர்த்துகிற அறை. பச்சை மாறாமல் காயை இறக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டை ஊரில் சீமைக்காரர் வீடு என்பார்கள். என் பூட்டனார் மொக்கையன் நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி, சீமையில் நடந்த பெரிய பொருட்காட்சிக்கு ஏலக்காய் கொண்டுபோனவர். உலகத்துச் சரக்கெல்லாம் வந்து குவிந்த இடம். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஐந்து படக் கார்டுகள் எங்கள் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. வெள்ளை வெளேரென்று மாளிகைகள், கரையெல்லாம் விளக்கு வைத்த வாய்க்கால், அதில் படகு, வீட்டைவிட உயரமான ராட்டினம். சம்பந்தம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பள்ளிக்கூட விழாவில் நான் அந்தக் கதையைச் சொல்லாத வருஷம் கிடையாது.

கார்டு மொத்தம் ஆறு. எனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அப்பா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு ஆறாவதைக் காட்டினார். மூங்கில் வேலி. உள்ளே ஓலைக் குடிசை. அதன் முன்னால் என் பூட்டனார் கோவணத்தோடு குத்தவைத்திருக்கிறார். தலையில் யாரோ செருகிவிட்ட மயிலிறகு. வேலிக்கு வெளியே தொப்பி போட்ட கூட்டம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ஏலமலைக் காட்டு மனிதன். ஏலக்காயை அவர் கொண்டுபோகவில்லை சார். ஏலக்காயோடு அவரையும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் பார்த்து முடித்ததும் அப்பா அதை அடுப்பில் போட்டார். "இது உன்னோட போகட்டும்ப்பா" என்றார். அந்தக் கார்டை ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

போன மாதம் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்களெல்லாம் ஜீப்பில் கீழே இறங்கிவிட்டார்கள். காசிமாயன் மட்டும் ஸ்டோர் வாசலில் நின்று ஒரு கவரை இரண்டு கையாலும் நீட்டினான்.

"மொதலாளி, உங்க கூடத்துல இருக்கிற மாதிரியே இன்னொரு கார்டு. எம்மக சுகன்யாதான் மதுரையில இருந்து போன்ல தேடிப் பிடிச்சு, சீமையிலருந்து வரவழைச்சுச்சு. பாருங்க, உங்க மூஞ்சி அப்படியே."

சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தில் அவனுக்கு அசிங்கம் எதுவும் படவில்லை. சீமையில் எடுத்த படம், அதில் பெரியவர் இருக்கிறார், அவ்வளவுதான். "விசேசத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் குடுக்கணும்னு இருந்தேன். மனசு கேக்கல, காமிச்சுட்டேன்" என்றான். குரல் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"யார் யார் பாத்தா?"

"நானும் நீங்களுந்தான். வந்த கவர நாந்தான் பிரிச்சேன்."

நின்று யோசித்தேன் சார். சொல்லாதே என்றால் யாரிடமும் சொல்லமாட்டான். ஆனால் ஏன் என்று நினைப்பான். நினைக்க நினைக்கப் புரியும். புரிந்தபிறகு என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். விடிந்தால் அந்தப் பார்வைக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

"மேல்தட்டுக் காய் இன்னும் ஈரமா இருக்கு, வெரசாப் பாத்துட்டு வா" என்றேன். உள்ளே போனான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அடுப்பில் கார்டை வைத்து, மேலே விறகை அடுக்கினேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வந்து கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். அவனைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை.

தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது, நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குச் சொன்னதெல்லாம் பொய். போனில் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது, சுகன்யா தன் போனில் இருந்த அந்தப் படத்தை உங்களிடம் காட்டிக் கார்டு எங்கே என்று கேட்டதாக நீங்கள் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதிரி விஷயத்தில் எனக்கு விவரம் போதாது. காசிமாயனைக் கொன்றது வெள்ளைத்துரையாகிய நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கத்தினானா என்று கேட்டீர்கள். கத்தவில்லை. முதலில் கதவைத் தட்டி, "மொதலாளி, தாழ்ப்பா விழுந்துருச்சு போல" என்றான். ரொம்ப நேரம் கழித்து, "மொதலாளி, வெளிய இருக்கீங்களா" என்றான். கடைசியில் குரலே இல்லை. கதவில் காதை வைத்துத்தான் கேட்டேன். "அடுப்புப் பக்கம் வந்துராதீங்க மொதலாளி, சூடு ஏறிக்கிட்டே இருக்கு, அங்கிட்டு ஏதோ கோளாறு" என்றான்.

பார்த்தீர்களா சார்? பூட்டியது நான்தான் என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என்மேல் வைத்திருந்த மரியாதை துளியும் குறையாமல் போய்ச் சேர்ந்தான். அந்தமட்டில் நான் அவனுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.